பெதூயின் முகாமில் குழுவாகத் தங்க எங்கே செல்வது: வாதி ரம், ஷர்கியா, தெற்கு சினாய் ஓர் ஒப்பீடு

பாலைவனத்தில், பரம்பரையாக மந்தை மேய்த்து நாடோடியாக வாழ்ந்த அரபு மக்களான பெதூயின்களின் முகாமில் இரவு தங்கும் பயணத்தை ஒரு குழுவுக்காகத் திட்டமிடத் தொடங்கினால், பெரும்பாலும் மூன்று இடங்களே முன்னால் வந்து நிற்கும். ஜோர்டானின் தெற்கில் உள்ள வாதி ரம், ஓமானின் ஷர்கியா மணற்பரப்பு, எகிப்தின் தெற்கு சினாய் மலைப்பகுதி ஆகியவை அவை. துபாயிலும் அபுதாபியிலும் மாலையில் மணல்மேடுகளில் வண்டியோட்டி, இரவு விருந்தும் நடனமும் காட்டி, பத்து மணிக்குள் விடுதிக்குத் திருப்பி அனுப்பிவிடும் ஏற்பாடுகளை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. அங்கே விருந்தினர் ஒரு பெதூயின் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசும் வாய்ப்பு அரிது. மொராக்கோவின் மெர்சூகா முகாம்கள் அழகானவை என்றாலும், அவற்றை நடத்துபவர்களில் பெரும்பாலோர் பெதூயின்கள் அல்லர், அமாசிக் (பெர்பெர்) மக்கள் என்பதால் அவற்றைத் தனியாக எழுதுவதே முறை.

இங்கே நான் மனத்தில் வைத்திருக்கும் குழு பன்னிரண்டு முதல் பதினாறு பேர் கொண்டது. அதில் பள்ளிப் பிள்ளைகளும் இருப்பார்கள், எழுபதை நெருங்கும் பெரியவர்களும் இருப்பார்கள். நான்கைந்து பேர் சைவ உணவு மட்டுமே உண்பவர்கள். எல்லோருக்கும் சேர்ந்தாற்போல் கிடைக்கும் விடுமுறை ஒரு வாரத்தைத் தாண்டாது. இத்தகைய குழுவுக்கு என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாதி ரம், அதிலும் ரம் கிராமத்துக் குடும்பம் ஒன்று தானே நடத்தும் சிறிய முகாம், குறைந்தது இரண்டு இரவுகள். மற்ற இரண்டு இடங்களும் குறைந்தவை என்பதால் இப்படிச் சொல்லவில்லை. குழுவின் வயதும் விடுமுறையும் மாறினால் முடிவும் மாறும்; எப்போது, ஏன் மாறும் என்பதையும் கீழே விளக்குகிறேன்.

பெரும்பாலோர் முகாமைத் தேர்ந்தெடுப்பது படங்களைப் பார்த்துத்தான். கூடாரத்தின் கூரை கண்ணாடி போல் இருக்கிறதா, கட்டில் எப்படி இருக்கிறது, குளியலறை உள்ளேயே இருக்கிறதா என்றே முதலில் கேட்கிறார்கள். அவை தேவையான கேள்விகள்தாம். ஆனால் பயணம் முடிந்து ஆண்டுகள் கழித்தும் குழுவினர் நினைவில் வைத்துப் பேசுவது, இரவில் தங்களோடு நெருப்பைச் சுற்றி அமர்ந்திருந்தவர் யார் என்பதைப் பற்றியே. ஆகவே முகாமை நடத்துபவர் யார், அவர் இரவில் அங்கே இருப்பாரா, நாம் கொடுக்கும் பணம் எவருடைய வீட்டுக்குப் போய்ச் சேரும் என்பவற்றையே இந்த ஒப்பீட்டின் முதல் அளவுகோலாக வைத்திருக்கிறேன். போக்குவரத்து, தட்பவெப்பம், உணவு, செலவு ஆகியவை அதற்கு அடுத்தபடியாக வருகின்றன.

வாதி ரம்

ஏறக்குறைய 74,000 ஹெக்டேர் பரப்புள்ள வாதி ரம், 1998-இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. 2011-இல் யுனெஸ்கோ அதை இயற்கை, பண்பாடு ஆகிய இரு தகுதிகளிலும் உலகப் பாரம்பரியக் களமாகப் பட்டியலிட்டது. அதற்கு முன்பே, 2008-இல், பெட்ரா (பாறையில் குடையப்பட்ட பழைய நகரம்), வாதி ரம் பகுதி பெதூயின் மக்களின் பண்பாட்டு வெளி யுனெஸ்கோவின் தொட்டுணர முடியாத மரபுகளின் பட்டியலில் இடம்பெற்றிருந்தது. செம்மணல் சமவெளியிலிருந்து மணற்கல் பாறைகள் செங்குத்தாக எழுந்து நிற்கும் நிலம் அது; கிராமத்தின் தலைக்குமேல் நிற்கும் ஜபல் ரம் 1,734 மீட்டர் உயரமுள்ளது. பாறைகளில் சுமார் 25,000 செதுக்கோவியங்களும் 20,000 கல்வெட்டுகளும் இருப்பதாக யுனெஸ்கோவின் பதிவு கூறுகிறது. ஹஸாலி என்னும் குறுகிய பாறைப் பிளவுக்குள் ஒருவர் பின் ஒருவராக நுழைந்தால், கைக்கெட்டும் உயரத்தில் பண்டைய அரேபியாவின் தமூதிக் எழுத்துகளும் மனித உருவங்களும் பாதச் சுவடுகளும் செதுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். பிள்ளைகள் இருக்கும் குழு அந்த இடத்தில் அவசரப்படாமல் நிற்கும்படி நேரம் ஒதுக்க வேண்டும்.

குழு ஒன்றுக்கு வாதி ரம் பொருந்துவதற்கு முதன்மையான காரணம் அங்குள்ள ஒழுங்கு. சொந்த வண்டியையோ வாடகைப் பேருந்தையோ ரம் கிராமத்தில் நிறுத்திவிட வேண்டும். அங்கிருந்து முகாமின் பிக்கப் வண்டிகளே நம்மை உள்ளே அழைத்துச் செல்லும். அந்த வண்டிகளை ஓட்டுபவர்கள் பெரும்பாலும் கிராமத்தின் ஸலாபியா குடியைச் சேர்ந்தவர்கள். அந்தப் பாறைகளுக்கு இடையிலேயே வளர்ந்தவர்கள் என்பதால் காற்று எந்தப் பக்கம் அடித்தால் எந்தப் பாறையின் நிழலில் அடுப்பு மூட்டலாம் என்பதை அறிவார்கள். வண்டியின் திறந்த பின்பகுதியில் எதிரெதிராக இரண்டு இருக்கைப் பலகைகள் இருக்கும். ஆறு பேர் வசதியாக அமரலாம். பதினான்கு பேர் என்றால் மூன்று வண்டிகள். கட்டணம் வண்டிக் கணக்கில் என்பதால், இருவர் மட்டும் செல்லும்போது ஆகும் செலவை விட ஒரு தலைக்கு ஆகும் செலவு குழுவில் நன்றாகக் குறைகிறது. முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்குப் பின்கதவில் ஏறி இறங்குவது கடினம். அவர்களை ஓட்டுநருக்கு அருகில் உள்ள இருக்கையில் அமர்த்தும்படி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

முன்பதிவு செய்யாமல் பார்வையாளர் மையத்துக்குச் சென்று நின்றால், முறைவரிசையில் அடுத்து நிற்கும் ஓட்டுநரின் வண்டியே கிடைக்கும். வருமானத்தைக் கிராமத்தினரிடையே பகிர்ந்தளிக்கும் நியாயமான முறை அது. ஆயினும் ஒரு பெருங்குழுவை நடத்துபவர், தான் பேசிப் பழகிய ஒரு குடும்பத்தின் கையில் குழுவை ஒப்படைப்பதே நல்லது.

இங்கே ஒரு வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. "வாதி ரம் முகாம்" என்று விளம்பரப்படுத்தப்படுபவற்றில் கணிசமானவை பாதுகாக்கப்பட்ட பகுதிக்கு வெளியே, வடக்கில் உள்ள தீசி கிராமத்தை ஒட்டி அமைந்தவை. தார்ச் சாலைக்கு அருகில் இருப்பதால் பெரிய பேருந்தும் முகாம் வாசலை நெருங்க முடியும். நடக்க இயலாதவர்கள் இருக்கும் குழுவுக்கு இது உண்மையான வசதி. ஆனால் அங்கே இரவில் கிராம விளக்குகளும் பக்கத்து முகாம்களின் ஒலிபெருக்கிகளும் நம்மை விடுவதில்லை. குமிழி போன்ற ஒளிபுகும் கூடாரங்களில் பலவும் இந்தப் பகுதியில்தான் உள்ளன. அவற்றுக்குப் பகல் முழுவதும் குளிர்சாதனம் தேவை. அதற்கு மின்சாரம் தேவை. கூடாரம் தோறும் குளியலறை என்றால் தண்ணீரும் மிகுதியாகத் தேவை. தீசியின் நிலத்தடி நீர், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பாறைக்குள் தேங்கி, இன்றைய மழையால் மீண்டும் நிரம்பாத நீர். 2013 முதல் 325 கிலோமீட்டர் நீளக் குழாய் வழியாக, ஆண்டுக்கு 10 கோடி கன மீட்டர் அளவுக்குத் தலைநகர் அம்மானுக்கு அது கொண்டு செல்லப்படுகிறது. நீர்ப்பஞ்சம் மிகுந்த ஒரு நாட்டில், அப்படிப்பட்ட நீர்வளத்தின் மேல் அமர்ந்துகொண்டு இரண்டு வேளை ஷவரில் குளிப்பதை நான் எந்தக் குழுவுக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கண்ணாடிக் கூரை வழியாக விண்மீன் பார்ப்பதற்குப் பணம் கொடுப்பதை விட, மெத்தையை வெளியே இழுத்துப் போட்டுப் படுத்தால் அதே வானம் முழுதாகக் கிடைக்கும். சிறிய முகாம்களில் கேட்டால் அவர்களே மெத்தையைத் தூக்கி வந்து மணலில் விரித்துத் தருவார்கள்.

இரண்டு இரவுகள் என்று வற்புறுத்துவதற்கும் காரணம் உண்டு. வழக்கமான தொகுப்புப் பயணங்களில் பெட்ராவிலிருந்து பிற்பகலில் வந்து சேர்வார்கள். ஓரிரு மணி நேரம் ஜீப்பில் சுற்றிவிட்டு, சூரியன் மறைவதைப் பார்த்து, உண்டு உறங்கி, காலை எட்டு மணிக்குச் செங்கடல் துறைமுகமான அகபாவுக்குக் கிளம்பிவிடுவார்கள். அந்த ஒழுங்கில் பாலைவனம் ஒரு வழித்தங்கலாகச் சுருங்கிவிடுகிறது. இரண்டாவது இரவு இருந்தால், நடுவில் ஒரு முழு நாள் கிடைக்கும். காலையில் வண்டியே இல்லாமல் முகாமைச் சுற்றி நடக்கலாம். இயன்றவர்கள் புர்தா பாறைப் பாலத்துக்கு வழிகாட்டியுடன் ஏறலாம். இயலாதவர்கள் தரைக்கு அருகில் உள்ள உம் ஃப்ருத் பாலத்தைக் கண்டு, நிழலில் தேநீருடன் காத்திருக்கலாம். ஒரே குழு இரண்டாகப் பிரிந்து மாலையில் ஒன்றுசேரும் இந்த வாய்ப்பு மற்ற இரண்டு இடங்களில் இவ்வளவு எளிதாக அமைவதில்லை.

ஷர்கியா மணற்பரப்பு

முன்பு வஹீபா மணற்பரப்பு என்று அழைக்கப்பட்ட ஷர்கியா, ஏறக்குறைய 12,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. பாலைவனம் என்றதும் மணல்மேடுகளையே கற்பனை செய்பவர்களுக்கு இதுதான் அந்த இடம். நூறு மீட்டர் உயரம் வரை எழும் மேடுகள் வடக்கு தெற்காக வரிவரியாக நீண்டு கிடக்கின்றன. 1980-களின் நடுவில் பிரிட்டனின் ராயல் புவியியல் கழகம் இங்கே நடத்திய ஆய்வு, வெறும் மணல் என்று எண்ணப்பட்ட இந்நிலத்தில் 150 தாவர இனங்களும் 200 வகைக் காட்டு விலங்குகளும் இருப்பதைப் பதிவு செய்தது.

ஓமானின் பெரிய வலிமை எளிமையான பயணம். சென்னையிலிருந்து மஸ்கட்டுக்கு நேரடி விமானம் உண்டு. மஸ்கட்டிலிருந்து பிதியா, அல் வாஸில் ஊர்கள் வரை சுமார் 200 கிலோமீட்டர் தூரமும் நல்ல நெடுஞ்சாலை. அங்கே முகாமின் நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்கு மாறி, டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டு மணலுக்குள் இறங்குகிறார்கள். நான்கு நாள் விடுமுறையே இருக்கும் குழுவுக்கு, ஒரு இரவு முகாம், மறுநாள் வாதி பனி காலித் ஓடையில் குளியல், பிறகு மஸ்கட் என்று நெருக்கடி இல்லாமல் முடித்துவிடலாம். அம்மானுக்குச் சென்னையிலிருந்து வளைகுடா நகரம் ஒன்றில் விமானம் மாறித்தான் செல்ல வேண்டும். அதற்குப் பிறகு வாதி ரம்முக்கு நான்கு மணி நேரத் தரைப்பயணம். குறுகிய விடுமுறையில் இந்த வேறுபாடு பெரியது.

குறை என்று நான் கருதுவது வேறு. ஷர்கியாவின் பெரிய முகாம்கள் பலவும் நிலையாகக் கட்டப்பட்ட விடுதிகள் போன்றவை. சமையலையும் பரிமாறுதலையும் செய்பவர்களில் பலர் இந்தியாவிலிருந்தோ வங்கதேசத்திலிருந்தோ வேலைக்கு வந்தவர்கள். அவர்கள் கனிவானவர்கள், சைவ உணவு கேட்டால் பருப்பும் காய்கறிக் குழம்பும் அன்போடு சமைத்துத் தருவார்கள். ஆனால் பெதூயின் வாழ்வைக் காண வந்தவர்கள், பக்கத்தில் உள்ள ஒரு குடும்பத்தின் வீட்டுக்கு அரைமணி நேரம் அழைத்துச் செல்லப்பட்டு, காப்பியும் பேரீச்சையும் உண்டு, கைவினைப் பொருள்கள் வாங்கித் திரும்புவதோடு அது முடிந்துவிடுகிறது. அந்த அரைமணி நேரமும் மதிப்புள்ளதே. கைப்பிடியில்லாத சிறு கோப்பையில், அடிப்பகுதி மட்டும் நனையும் அளவுக்கு ஏலக்காய் மணக்கும் காப்பியை ஊற்றுவார்கள். கோப்பையை நீட்டினால் மறுபடியும் ஊற்றுவார்கள். போதுமென்றால் கோப்பையை இலேசாக ஆட்டித் தர வேண்டும். வலக்கையாலேயே வாங்கவும் கொடுக்கவும் வேண்டும். இதைக் குழுவில் எல்லோருக்கும் முன்னரே சொல்லி வைப்பது வழிநடத்துபவரின் கடமை. சில முகாம்களைப் பிதியாவைச் சேர்ந்த குடும்பங்கள் நேரடியாக நடத்துகின்றன. ஷர்கியாவுக்குச் செல்வதென்று முடிவானால் அவற்றைத் தேடிப் பிடிக்கும் உழைப்பு வீண் போகாது. அங்கே விளக்கும் குளிர்சாதனமும் குறைவாக இருக்கலாம், ஆனால் ஒட்டகப் பந்தயத்துக்காகத் தாம் வளர்க்கும் கன்றுகளை அவர்களே நமக்குக் காட்டி, ஒவ்வொன்றின் தாயும் எது என்று சொல்வார்கள்.

மணல்மேடுகளில் வண்டியை வேகமாக ஏற்றி இறக்குவதை எல்லா முகாம்களும் ஒரு கேளிக்கையாக விற்கின்றன. முதுகுவலி உள்ளவர்களும் கருவுற்றிருப்பவர்களும் அதில் ஏறக்கூடாது என்பதை வழிநடத்துபவர் கண்டிப்புடன் சொல்ல வேண்டும். அவர்களுக்காக ஒரு வண்டி சமதளப் பாதையில் செல்லும்படி முகாமிடம் முதல்நாளே கேட்டு வாங்குங்கள்.

தெற்கு சினாய்

மூன்றில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது சினாய்தான். ஆயினும் மேலே சொன்ன குழுவுக்கு அதை நான் பரிந்துரைக்கவில்லை. அங்கே பாலைவனத்தை அறிவதற்கு நடக்க வேண்டும். செயின்ட் கேத்தரின் ஊர் ஏறக்குறைய 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜபல் மூசா 2,285 மீட்டர். எகிப்தின் மிக உயர்ந்த மலையான ஜபல் கேத்தரின் 2,629 மீட்டர். மலையடிவாரத்தில் உள்ள மடாலயம் ஆறாம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் காலத்தில் கட்டப்பட்டது. அதைக் காக்க அவர் அனுப்பிய குடும்பங்களின் வழிவந்தவர்கள் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் ஜபாலியா குடியினர்தாம் இன்றும் அந்த மலைகளின் வழிகாட்டிகள். உயர்ந்த பள்ளத்தாக்குகளில் கல்சுவர் எழுப்பி, கிணறு தோண்டி, வாதுமையும் அத்தியும் மாதுளையும் வளர்க்கும் தோட்டங்கள் அவர்களுடையவை. முகாம் என்று தனியாக ஒன்றைத் தேடாமல், அந்தத் தோட்டங்களின் சுவரோரத்தில் கம்பளம் விரித்துப் படுப்பதே அங்கே வழக்கம்.

2015-இல் தொடங்கப்பட்ட சினாய் நெடுநடைப் பாதை, அகபா வளைகுடாக் கரையிலிருந்து செயின்ட் கேத்தரின் வரை 220 கிலோமீட்டராக இருந்தது. தராபீன், முஸைனா, ஜபாலியா என்னும் மூன்று குடிகள் சேர்ந்து அதை உருவாக்கின. பின்னர் எட்டுக் குடிகள் பங்கேற்கும் 550 கிலோமீட்டர் பாதையாக அது விரிந்தது. ஒரு குடியின் நிலம் முடியும் இடத்தில் வழிகாட்டியும் ஒட்டகக்காரரும் மாறி, அடுத்த குடியினர் பொறுப்பேற்கிறார்கள். நாம் கொடுக்கும் பணம் யாருக்குப் போகிறது என்ற கேள்விக்கு இந்த மூன்று இடங்களில் மிகத் தெளிவான விடை இங்கேதான் கிடைக்கிறது. ஹமாதா குடியைச் சேர்ந்த பெண்கள் வழிகாட்டிகளாகப் பணியாற்றத் தொடங்கியிருப்பதும் குறிப்பிடத்தக்கது. பெண்கள் மட்டுமே கொண்ட சிறு குழு ஒன்று இருக்குமானால், வாதி ரம்மை மறந்துவிட்டு அவர்களோடு நடக்கச் செல்லும்படியே சொல்வேன்.

மாலையில் வழிகாட்டி மாவைப் பிசைந்து, தட்டி, எரிந்து தணிந்த கங்குகளின் மேல் நேராக இட்டு, மேலே சாம்பலையும் மணலையும் மூடுவதைப் பார்ப்பது ஓர் அனுபவம். சிறிது நேரத்தில் எடுத்து, குச்சியால் தட்டி, உள்ளங்கையால் சாம்பலைத் துடைத்து, பிய்த்து எல்லோருக்கும் கொடுப்பார். வெளிப்புறம் கருகலாகவும் உட்புறம் மென்மையாகவும் இருக்கும் அந்த லிப்பா ரொட்டியையும் மலையில் பறித்த ஹபக் இலை போட்ட தேநீரையும் ஆறேழு பேர் பகிர்ந்துண்ணலாம். பதினாறு பேருக்கு அதே வழிகாட்டி அதைச் செய்ய இயலாது. அப்போது அது ஒரு சமையற்கூட வேலையாகிவிடும். குழுவின் அளவு பயணத்தின் தன்மையையே மாற்றிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

சாலைகளில் சோதனைச் சாவடிகள் பல உண்டு. ஒவ்வொன்றிலும் கடவுச்சீட்டுகளைக் காட்ட வேண்டும். ஜபல் மூசாவுக்கு வழிகாட்டி இல்லாமல் ஏற அனுமதி இல்லை. வடக்கு சினாய் நெடுங்காலமாகப் பல அரசுகளின் பயண எச்சரிக்கைப் பட்டியலில் இருந்து வருகிறது. தெற்கின் நிலைமை வேறு என்றாலும், காப்பீட்டு நிறுவனங்கள் அத்தகைய எச்சரிக்கைகளைக் கணக்கில் எடுக்கும் என்பதால், காப்பீட்டு ஆவணத்தில் சினாய் என்ற பெயரும் மலைநடை என்ற செயலும் விலக்கப்பட்டுள்ளனவா என்று படித்துப் பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும். ஜோர்டானுக்கும் இதுவே பொருந்தும். 2023 அக்டோபருக்குப் பின் அங்கே சுற்றுலா பெரிதும் குறைந்திருந்த காலத்திலும் வாதி ரம் திறந்தே இருந்தது என்றாலும், போர் காரணமாக ரத்தாகும் பயணத்துக்கு இழப்பீடு தராத காப்பீடுகளே மிகுதி. திருப்பித் தரப்படும் விமானச் சீட்டுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது இந்தப் பகுதிக்குச் செல்பவர்களுக்கு வீண்செலவு ஆகாது.

உணவு

சைவ உணவினருக்குப் பாலைவனத்தில் பட்டினி நேராது. ரொட்டி, ஹம்முஸ், சுட்ட கத்தரிக்காய், வெள்ளரி, தக்காளி, ஒலிவக்காய், தயிர், சோறு ஆகியவை எங்கும் இருக்கும். கவனிக்க வேண்டியவை மறைவாக இருப்பவை. சோறும் பருப்புச் சூப்பும் கோழிச் சாற்றில் சமைக்கப்படுவது அரபு வீடுகளில் இயல்பு. பார்த்தால் தெரியாது, கேட்டால்தான் சொல்வார்கள்.

வாதி ரம்மின் புகழ்பெற்ற ஸர்ப் விருந்தை எடுத்துக்கொள்வோம். மணலில் புதைத்த இரும்புப் பீப்பாயின் அடியில் விறகுக் கங்கு கனன்றுகொண்டிருக்கும். அதற்குள் இரண்டு மூன்று அடுக்குகள் கொண்ட கம்பித் தட்டை இறக்கி, மூடி, மேலே போர்வையும் மணலும் போட்டு விட்டுவிடுவார்கள். இரண்டு மணி நேரம் கழித்து எல்லோரும் சுற்றி நிற்க, இளைஞர் ஒருவர் மண்வெட்டியால் மணலை ஒதுக்கி, போர்வையின் நுனியைப் பிடித்துச் சுருட்டி, மூடியைத் தூக்குவார். புகை விலகியதும் மேல் தட்டில் கோழியும் ஆட்டிறைச்சியும் பொன்னிறமாக இருக்கும்; கீழ்த் தட்டில் உருளைக்கிழங்கும் கேரட்டும் வெங்காயமும் மேலிருந்து சொட்டிய கொழுப்பில் பளபளக்கும். பார்வைக்குக் காய்கறியாக இருப்பதைச் சைவர்கள் தட்டில் போட்டுக்கொள்வார்கள். இதைத் தவிர்ப்பது எளிது: காய்கறிகளை மேல் அடுக்கில் வைக்கவோ, தனியாக அலுமினியத் தாளில் பொதிந்து வைக்கவோ வேண்டும் என்று தட்டு உள்ளே இறங்குவதற்கு முன், அதாவது பிற்பகலிலேயே சொல்லிவிட வேண்டும். காரணத்தையும் சொன்னால், விருந்தினரின் நோன்பு போல அதை மதித்து நடப்பார்கள்.

செலவும் ஏற்பாடும்

ஜோர்டானில் செலவைக் குறைக்கும் வழி தெளிவாக வகுக்கப்பட்டிருக்கிறது. வாதி ரம் நுழைவு 5 தினார். பெட்ராவுக்கு ஒருநாள் சீட்டு, நாட்டில் இரவு தங்குபவர்களுக்கு 50 தினார். ஒருமுறை நுழைவு விசா 40 தினார். ஆக 95 தினார். நாட்டுக்குள் வருவதற்கு முன்பே இணையத்தில் வாங்க வேண்டிய ஜோர்டான் பாஸ், பெட்ராவில் ஒருநாள் என்ற வகையில் 70 தினார்தான். அதில் வாதி ரம் நுழைவும் அடங்கும். நாட்டில் குறைந்தது மூன்று இரவு தங்கினால் விசாக் கட்டணமும் தள்ளுபடியாகும். பதினான்கு பேர் குழுவுக்கு இது 350 தினார் மிச்சம். வாதி ரம்மில் இரண்டு இரவும் பெட்ராவில் ஓர் இரவும் தங்கினாலே அந்த நிபந்தனை நிறைவேறிவிடுகிறது. தினார் டாலரோடு கட்டப்பட்ட நாணயம்; ஒரு டாலர் 0.709 தினார் என்ற அளவிலேயே நிற்பதால் கணக்குப் போடுவது எளிது. ஓமானின் ரியாலும் அப்படியே, 2.6 டாலர், அங்கே நுழைவுக் கட்டணங்கள் இல்லாவிட்டாலும் வண்டி வாடகையும் முகாம் கட்டணமும் மொத்தத்தை உயர்த்திவிடும். மூன்றில் சினாய்தான் மலிவு.

ஏற்பாட்டாளர் வழியாகச் செல்வதா, முகாமோடு நேரடியாகப் பேசிக்கொள்வதா என்பதில், பதினைந்து பேரை நடத்துபவருக்கு நான் சொல்வது இரண்டையும் பிரித்துக்கொள்ளும் வழி. பேருந்து, பெட்ரா விடுதி, விமான நிலையச் சந்திப்பு ஆகியவற்றை ஏற்பாட்டாளரிடம் கொடுத்துவிட்டு, முகாமை மட்டும் தாமே தேர்ந்தெடுத்து, "இந்த முகாம்தான்" என்று எழுத்தில் பெற வேண்டும். தொகுப்புப் பயணத்தின் அச்சிட்ட திட்டத்தில் "பெதூயின் முகாம் அல்லது அதற்கு இணையானது" என்று போட்டிருந்தால், அந்த "இணையானது" தீசிச் சாலையோரத்தில் நூறு கூடாரங்கள் கொண்ட முகாமாக இருக்க இடமுண்டு. முகாமிடம் கேட்க வேண்டியவை: பாதுகாக்கப்பட்ட பகுதிக்கு உள்ளே இருக்கிறதா, எத்தனை கூடாரங்கள், உரிமையாளரோ அவர் குடும்பத்தவரோ இரவில் அங்கே இருப்பார்களா, அன்றிரவு வேறு குழு வருகிறதா, ஜெனரேட்டர் எத்தனை மணிக்கு நிறுத்தப்படும், கழிப்பறை கூடாரத்திலிருந்து எவ்வளவு தூரம். கடைசிக் கேள்வி பெரியவர்களுக்காக. இரவு இரண்டு மணிக்கு மணலில் எண்பது அடி நடப்பதும் எட்டடி நடப்பதும் அவர்களுக்கு ஒன்றல்ல. பதினைந்து பேர் குழுவுக்குப் பத்துக் கூடாரங்கள் உள்ள முகாம் கிடைத்தால் முகாம் முழுவதையும் எடுத்துக்கொள்ளக் கேளுங்கள். பருவம் உச்சத்தில் இல்லாவிட்டால் இசைவார்கள்.

கூடாரத்தைப் பற்றியும் ஒரு சொல். பெண்கள் கையால் நெய்த கருப்பு ஆட்டு மயிர்க் கூடாரம் வெயிலில் நூல் தளர்ந்து காற்றை விடும், மழையில் நூல் உப்பி நீரைத் தடுக்கும். இன்று பல முகாம்களில் அந்த நெசவு பொதுக்கூடாரத்துக்கு மட்டும் பயன்படுகிறது. படுக்கும் கூடாரங்கள் இரும்புச் சட்டத்தின் மேல் தடித்த துணி போர்த்தியவை. அதில் ஏமாற்றம் கொள்ள ஒன்றுமில்லை. குளிருக்கு அது நல்லது.

காலம்

வாதி ரம்மின் தரை 900 மீட்டர் அளவில் இருப்பதால் டிசம்பர், ஜனவரி இரவுகள் உறைநிலையை நெருங்கும். செயின்ட் கேத்தரினில் பனியே பெய்யும். தமிழ்நாட்டுப் பள்ளிகளின் அரையாண்டு விடுமுறையில்தான் போக முடியும் என்ற குழு, ஷர்கியாவைத் தேர்ந்தெடுப்பதே அறிவு. அந்த மாதங்களில் அங்கே பகல் இதமாகவும் இரவு ஒரு கம்பளி போதுமான அளவிலும் இருக்கும். கோடை விடுமுறை மூன்று இடங்களுக்கும் பொருந்தாது; மே மாதத்தில் ஷர்கியாவின் வெப்பம் 40 பாகையைத் தாண்டிவிடும். மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் இறுதி வரையும் அக்டோபரும் வாதி ரம்முக்கு ஏற்றவை. நவம்பரில் திடீர் வெள்ள அபாயம் உண்டு; 2018 நவம்பரில் பெட்ராவிலிருந்து ஆயிரக்கணக்கான பயணிகளை வெளியேற்ற வேண்டியிருந்தது. வானம் கருத்தால் குறுகிய பாறைப் பிளவுகளுக்குள் போக வேண்டாம் என்று வழிகாட்டி சொல்லும்போது, பணம் கட்டியாயிற்றே என்று குழுவில் ஒருவரும் வாதிடக் கூடாது.

ரமலான் ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய பதினொரு நாள் முன்னதாக வருவதால், தேதி குறிக்கும் முன் அதையும் பார்க்க வேண்டும். அந்த மாதத்தில் செல்லக் கூடாது என்பதல்ல. பகலில் நோன்பிருக்கும் ஓட்டுநரின் முன் உண்பதைத் தவிர்க்கும் குழு, மாலையில் அவரோடு நோன்பு திறக்கும் உணவில் அமரும் பேறு பெறும். விண்மீன்களுக்காகச் செல்பவர்கள் அமாவாசையை ஒட்டிய நாட்களையும், இரவில் விளக்கில்லாமல் மணலில் நடக்க விரும்புபவர்கள் பௌர்ணமியை ஒட்டிய நாட்களையும் எடுத்துக்கொள்ளலாம். சிறுவர்கள் உள்ள குழுவுக்கு நான் பௌர்ணமியையே சொல்வேன். இரவில் பிள்ளைகள் எங்கே ஓடினாலும் கண்ணுக்குத் தெரிவார்கள்.

ஆக, மார்ச் நடுவிலோ அக்டோபரிலோ ஒரு வாரம் ஒதுக்க முடிந்த கலப்பு வயதுக் குழு வாதி ரம்முக்குச் செல்லட்டும். நான்கு நாளோ டிசம்பரோ மட்டும் கிடைத்தவர்கள் ஷர்கியாவில் பிதியாக் குடும்பம் நடத்தும் முகாமைத் தேடட்டும். எட்டுப் பேருக்கு மிகாமல், நாளொன்றுக்குப் பதினைந்து கிலோமீட்டர் மலையில் நடக்கக் கூடியவர்கள் சினாய்க்குப் போகட்டும். மார்ச், ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் வாதி ரம்மின் சிறிய முகாம்கள் விரைவில் நிரம்பிவிடும் என்பதால், பதினைந்து பேருக்கு இடம் கேட்பவர்கள் நான்கைந்து மாதங்களுக்கு முன்பே எழுதத் தொடங்க வேண்டும்; விமானச் சீட்டை அதற்குப் பிறகு எடுக்கலாம்.